உதைக்கு முன்பே மூடும் கண்

கொலராடோ மலையடிவாரத்தில் ஒரு குறிசுடும் திடல். நண்பரின் மகளுக்குப் பதினைந்து வயது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் முதன்முறையாக மான் வேட்டைக்குப் போகவிருந்தாள். கையில் .308 வின்செஸ்டர் ரைஃபிள். தொலைநோக்கியையும் சேர்த்து எடை 3 கிலோதான். ஒவ்வொரு முறையும் அப்பா துப்பாக்கியை வாங்கி, முதுகைக் காட்டி நின்று, தோட்டா போட்டுத் தருவார். ஐந்தாவது முறை தோட்டா போடாமலே நீட்டினார். அவள் குறிபார்த்து விசையை அழுத்தினாள். ‘டிக்’ என்ற ஓசை மட்டும்தான் வந்தது. ஆனால் குழலின் முனை இரண்டு விரற்கடை கீழே குனிந்தது, தோள் முன்னால் பாய்ந்தது, கண்கள் இறுக மூடியிருந்தன. “நான் கண்ண மூடவே இல்லப்பா” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. மூடியது அவளுக்கே தெரியாது.

துப்பாக்கி உதைக்கும் என்று தமிழில் சொல்கிறோம். நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைக் கூடுதலாகப் போட்டுக் கிட்டித்தவர்களின் தோளுக்கு அந்தச் சொல்லின் பொருள் நன்றாகத் தெரியும். உதை என்றதும் தோள்வலியைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். வேட்டையில் அதைவிடப் பெரிய கேடு, உதைக்கு அஞ்சி உடம்பு முன்கூட்டியே செய்துகொள்ளும் இந்தத் துள்ளல். நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு அதனால் ஒரு சாண் தள்ளி வயிற்றில் பாய்கிறது. வயிற்றில் அடிபட்ட மான் உடனே விழாது. புதருக்குள் ஓடி ஒளிந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பல சமயம் வேட்டைக்காரன் கைக்கு அது கிடைப்பதும் இல்லை. இந்தத் துள்ளலை எப்படிப் போக்குவது என்ற கேள்வியை ஒட்டி நான் படித்தும் கேட்டும் பார்த்ததை எல்லாம் இங்கே தொகுக்க முனைந்ததற்கு அந்த மான்தான் காரணம்.

ஒரு கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 56 சென்டிமீட்டர் குழலைக் குண்டு கடந்து வெளியேற ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் ஆகிறது. அதற்குள் 3 கிலோ துப்பாக்கி பின்னால் நகர்வது சுமார் 2 மில்லிமீட்டர். தோளில் இடிப்பதாக நாம் உணர்வதெல்லாம் குண்டு போன பிறகு நடப்பது. அந்த 2 மில்லிமீட்டருக்குள் நேரும் அசைவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பதால், குறியைச் சரிசெய்யும்போதே அது கணக்கில் வந்துவிடும். ஆக, குறியைக் கெடுப்பது உதை அல்ல, உதை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை உடம்பிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், சில நூறு முறை சுட்டுப் பழகும்வரை உதையே சிறியதாக இருந்தாக வேண்டும்.

பிறகு ஏன் இவ்வளவு எடை குறைந்த துப்பாக்கி? கொலராடோவில் எல்க் மான்கள் திரியும் சரிவுகளில் ஏறிப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். 3000 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் காற்றில், ஒரு கிலோ என்பது பெரிய சுமை. வின்செஸ்டர் நிறுவனம் 1952இல் தன் மாடல் 70 ரைஃபிளின் ‘ஃபெதர்வெயிட்’ வடிவத்தைக் கொண்டுவந்தது. 1985இல் மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் ‘அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ்’ தொடங்கி, கெவ்லரும் கிராஃபைட்டும் கலந்த கட்டை பூட்டி எடையை இன்னும் இறக்கினார். கிம்பர் நிறுவனத்தின் மொன்டானா ரைஃபிள் .308இல் வெறும் 2.3 கிலோ. துப்பாக்கிப் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் தன் ‘ஸ்கவுட்’ ரைஃபிளுக்கு வகுத்த எடை 3 கிலோ. கால்களுக்கு இவையெல்லாம் பெரிய உதவி, தோளுக்குத்தான் இல்லை.

எவ்வளவு உதவி இல்லை என்பதை எண்ணால் சொல்ல முடியும். குண்டு முன்னால் எடுத்துச் செல்லும் உந்தமும், அதன் பின்னால் பீறிடும் வாயுவின் உந்தமும் சேர்ந்து துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகின்றன. .308இல் வழக்கமான தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்வோம். குண்டு 9.7 கிராம், வேகம் விநாடிக்கு 860 மீட்டர், உள்ளே மருந்து 2.9 கிராம். மருந்து வாயுவாகி, குண்டைப் போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில் வெளியேறும் என்று கணக்கிடுவது வழக்கம். 4 கிலோ துப்பாக்கியில் இந்தத் தோட்டாவின் உதை சுமார் 20 ஜூல். 3 கிலோவில் 27, இரண்டரை கிலோவில் 32. அமெரிக்க ராணுவத்தின் ஆயுதச் சோதனை நெறிமுறை, 20 ஜூலுக்குக் கீழே இருந்தால் ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம் என்கிறது. அதைத் தாண்டி 40 வரை நாளைக்கு 200 தோட்டா, அதற்கும் மேலே 100, பிறகு 25, 81 ஜூலுக்கு மேல் தோளில் வைத்துச் சுடவே கூடாது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் போர்வீரர்கள் சுமந்த ரைஃபிள்கள் ஏன் 4 கிலோவை ஒட்டி நின்றன என்பதற்கு இந்த 20 ஜூல் கோடு ஒரு விளக்கம். மலை வேட்டைக்காரனின் ரைஃபிள் அந்தக் கோட்டை எளிதாகத் தாண்டிவிடுகிறது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மொத்த உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குண்டால் வருவதல்ல, மருந்தால் வருவது. 3 கிராம்கூட இல்லாத பொடி, 9.7 கிராம் ஈயமும் செம்பும் தரும் உந்தத்தில் பாதியைத் தருகிறது. தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்பவருக்கு வழி திறப்பது இங்கேதான். கடையில் வாங்குபவர் பெட்டியில் இருப்பதைச் சுட வேண்டும். கையால் நிரப்புபவர் குண்டு, மருந்தின் வகை, மருந்தின் அளவு ஆகிய மூன்றையும் தானே தீர்மானிக்கிறார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, தராசில் நிறுத்த மருந்தைக் கொட்டி, மேலே குண்டைச் செருகுவது ஒரு மாலை நேர வேலை. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்கு இது பழகிய பொழுதுபோக்கு. லைமன், ஹாட்ஜ்டன் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே கையேடுகள் வெளியிடுகின்றன.

உதையைக் குறைக்கப் பலரும் முதலில் சொல்வது, எடை குறைந்த குண்டைப் போடு என்பது. அது அரைகுறை யோசனை. 9.7 கிராமுக்குப் பதில் 8.1 கிராம் குண்டைப் போட்டு, அதைத் தள்ள முடிந்த முழு வேகத்தில் தள்ளினால் வேகம் 915 மீட்டருக்கு ஏறிவிடும். மருந்தும் கொஞ்சம் கூடும். உதை 27இலிருந்து 25க்கு இறங்கும், அவ்வளவுதான். தோளுக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டாவது யோசனை கொஞ்சம் நுட்பமானது. அதே வேகத்தைச் சற்று விரைவாக எரியும் மருந்தால் குறைந்த அளவில் எட்டுவது. 2.9 கிராமுக்குப் பதில் 2.6 போதுமானால் இதிலும் இரண்டு ஜூல் மிச்சம். பெரிய கூடு கொண்ட மேக்னம் தோட்டாக்களில் இந்த மிச்சம் அதிகம். .308இல் இதை ஓர் உபரி நன்மையாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையான விடை மூன்றாவதில் இருக்கிறது. வேகத்தை விட்டுக்கொடுப்பது. அதே 8.1 கிராம் குண்டு, ஆனால் விநாடிக்கு 700 மீட்டர்தான், மருந்து சுமார் 2 கிராம். உந்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுகிறது. உதையின் ஆற்றலோ உந்தத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே 27 ஜூல் 11 ஆகிவிடுகிறது. 3 கிலோ துப்பாக்கி, 7 கிலோ துப்பாக்கியைப் போல் நடந்துகொள்கிறது. இந்த ஒரு மாற்றம் தருவதை மற்ற எல்லா வைத்தியமும் சேர்ந்து தருவது கடினம். வேகத்தின் மேல் வேட்டைக்காரர்களுக்கு இருக்கும் மோகம்தான் இதற்குத் தடை என்பது என் கருத்து. தோட்டா விளம்பரங்கள் ஒரு நூற்றாண்டாக வேகத்தைத்தான் விற்றுவருகின்றன.

வேகம் குறைந்தால் மான் விழுமா என்ற கேள்விக்கு வரலாறு நன்றாகவே பதில் சொல்கிறது. 1895இல் வந்த .30-30 வின்செஸ்டர், 11 கிராம் குண்டை விநாடிக்கு 670 மீட்டர் வேகத்தில்தான் அனுப்பியது. அமெரிக்கக் காடுகளில் நூறாண்டுக்கும் மேலாக மான் வேட்டைக்குத் தலைமுறை தலைமுறையாக அதுவே வழக்கமான தோட்டாவாக இருந்தது. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பகுதியை 7 மில்லிமீட்டர் மவுசரால் வீழ்த்தினார். அந்த எண்ணிக்கையை நினைக்க எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் உதை குறைந்த துப்பாக்கியால் சரியான இடத்தில் வைத்த குண்டு என்ன செய்யும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை. அதே தோட்டாவைத்தான் ஆங்கிலேயர் .275 ரிக்பி என்றார்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகத் தரப்பட்டது அந்த ரக ரைஃபிள்தான். தர்மபுரி, சேலம் பக்கத்துக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்ததோ .405 வின்செஸ்டர். 19 கிராம் குண்டு, தோளில் பதியும் இரும்புத் தகடு. உதைக்குப் பேர்போன துப்பாக்கி அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தியாவில் அந்த அத்தியாயம் மூடப்பட்டது, மூடப்பட்டது நல்லதே.

இன்று வேட்டை அனுமதிக்கப்படும் நாடுகளில் சட்டமும் குறுக்கே வரும். குறைத்த தோட்டாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். மேலே சொன்ன 700 மீட்டர் தோட்டாவையே எடுத்துக்கொள்வோம். குழல் வாயில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 1985 ஜூல். கொலராடோ சட்டம் 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு, அதாவது 1356 ஜூல் கேட்கிறது. அந்தத் தொலைவில் நம் குண்டில் 1550 ஜூலுக்குக் குறையாமல் இருக்கும், ஆகவே தேறிவிடும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் குழல் வாயிலேயே 2305 ஜூல் கேட்கிறது. அங்கே பெரிய மான்களுக்கு இதே தோட்டா குற்றம். சுவீடன் வேறு விதமாக யோசிக்கிறது. மூஸ் போன்ற பெரிய விலங்குக்குக் குண்டு 9 கிராம் என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் வேண்டும், 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2000 போதும். கனமான குண்டு மெதுவாகப் போனாலும் ஆழமாகப் பாயும் என்ற அனுபவம் அங்கே சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றில் எனக்கு நியாயமாகப் படுவது சுவீடனின் வழிதான்.

சட்டத்தைத் தாண்டினாலும் குண்டின் குணம் என்ற ஒன்று இருக்கிறது. வேட்டைக் குண்டு உடலுக்குள் காளான்போல் விரிய வேண்டும். விரியாமல் ஊசிபோல் துளைத்துச் சென்றால் மான் ஓடிவிடும். ஈயக் கருவும் செம்பு உறையும் கொண்ட பல குண்டுகள் விநாடிக்கு சுமார் 550 மீட்டர் வரை விரியும். முழுச் செம்புக் குண்டுகள் பொதுவாக அதைவிட அதிக வேகம் கேட்கும். 700இல் கிளம்பும் 8.1 கிராம் குண்டு 180 மீட்டர் தாண்டும்போது இந்த எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே இந்தத் தோட்டாவோடு காட்டுக்குப் போகிறவர் 150 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட வேண்டும். மென்மையான, குறைந்த வேகத்துக்கென்றே செய்த குண்டைத் தேர்வதும் கட்டாயம். வேகத்துக்காகச் செய்த கடினக் குண்டை மெதுவாக அனுப்புவது, உதையை மானின் தலையில் இறக்கிவைப்பதற்குச் சமம்.

அடுத்து வருவதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. மருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்பது இயல்பு. அது தவறு, உயிரைக் குடிக்கும் தவறு. மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் அளவுக்கு மிகக் குறைவாகப் போட்டால் அழுத்தம் சில வேளை குறைவதற்குப் பதில் கட்டுக்கடங்காமல் ஏறித் துப்பாக்கியே சிதறியிருக்கிறது. படுத்த நிலையில் மருந்து கூட்டின் அடிப்பக்கமாகப் பரந்து கிடப்பதால் தீ முழுப்பரப்பையும் ஒரே நேரத்தில் கவ்வுகிறது என்கிறார்கள் சிலர். குண்டு கிளம்பி, குழல் தொடங்கும் இடத்தில் நின்று, பின்னால் வரும் அழுத்தத்துக்குத் தடையாகிவிடுகிறது என்கிறார்கள் வேறு சிலர். வல்லுநர்களிடையே இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. மருந்து நிறுவனங்கள் மட்டும் ஒரே குரலில் எச்சரிக்கின்றன: மெதுவான மருந்தைக் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறக்காதே.

எதிர்த்திசையில் இன்னொரு ஆபத்து. விரைவாக எரியும் மருந்து கொஞ்சமே போதும் என்பதால் கூட்டில் அடியில் ஒரு சிட்டிகை மாதிரிதான் கிடக்கும். கவனம் சிதறி அதே கூட்டில் இரண்டாம் முறை கொட்டிவிட்டாலும் வழியாது, கண்ணுக்குத் தெரியாது. அடுத்த சூட்டில் தெரியும். மருந்து மிகவும் குறைந்துபோனாலோ குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். ஓசை சன்னமாக வந்ததே என்று யோசிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான பாதை ஒன்றை ஹாட்ஜ்டன் நிறுவனம் போட்டுத் தந்திருக்கிறது. எச் 4895 என்ற அதன் மருந்து, கூடு முழுக்க நிரம்பாமல் இருந்தாலும் சீராகத் தீப்பிடிக்கும். கையேட்டில் ஒரு தோட்டாவுக்கு எச் 4895இன் உச்ச அளவு எதுவோ, அதில் 60 விழுக்காடு வரை இறங்கலாம் என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. இளையவர்களைப் பழக்க அமெரிக்காவில் பெரும்பாலோர் நாடும் வழி இதுதான். ஆனால் இந்த அனுமதி அந்த ஒரு மருந்துக்கு, அந்த மருந்துக்கு அளவு தரப்பட்டிருக்கும் தோட்டாக்களுக்கு மட்டும். பெயர் நெருங்கி வரும் வேறொரு மருந்துக்கு அதை நீட்டிக்கொள்வது விபரீதம். டிரெயில் பாஸ் என்ற மருந்து வேறு தந்திரம் செய்கிறது. ஓட்டை வடைபோல நடுவில் துளையுள்ள, பஞ்சுபோல் எடையற்ற துணுக்குகள். கொஞ்ச எடையே கூட்டை நிரப்பிவிடுவதால் இரட்டை மருந்து கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதைக் குண்டால் அழுத்தி நசுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் பெரிய நிபந்தனை. ஆனால் அது தரும் வேகம் தாள் இலக்குக்குத்தான் ஆகும், மானுக்கு ஆகாது. நிரப்பும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு ரெமிங்டனும் ஹார்னடியும் உதை குறைத்த தோட்டாக்களைச் செய்து விற்றிருக்கின்றன. அவற்றின் வேகம் 800 மீட்டரை ஒட்டி இருக்கும். உதை முழுத் தோட்டாவுக்கும் நான் சொன்ன தோட்டாவுக்கும் இடைப்பட்டது.

தோட்டாவுக்கு வெளியே இருக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்கட்டையில் நல்ல ரப்பர் மெத்தை உதையின் அளவைக் குறைக்காது, அது தோளில் இறங்கும் நேரத்தை நீட்டி, பரப்பை அகலமாக்கும். இதைச் செய்யாமல் மற்றதைப் பேசுவதில் பயனில்லை. கட்டையின் நீளம் சுடுபவரின் கைக்குப் பொருந்த வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணின் கையில் ஆறடி ஆளுக்கு வெட்டிய கட்டையைத் தருவது கொடுமை. குழல் முனையில் பூட்டும் பிரேக் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையை வெகுவாகக் குறைக்கும், ஆனால் ஓசையைச் சுடுபவரின் காதுக்கே திருப்பிவிடும். ரைஃபிள் வெடி இயல்பிலேயே 160 டெசிபலை ஒட்டியது, 140 தாண்டினாலே ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். உடம்பு அஞ்சுவது இடிக்கு மட்டுமல்ல, இந்த வெடிக்கும்தான். மருந்து குறைந்த தோட்டாவில் ஓசையும் தணிவதால், பயம் போவதில் பாதிப் பங்கு அதற்கே சேர வேண்டும் என்று நினைக்கிறேன். மேசையில் குனிந்து சுடும்போது உடம்பு பின்னால் சாய இடமில்லாததால் உதை இரட்டிப்பாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறி சரிபார்த்த பிறகு எழுந்து நின்று சுடுவதே பழகுபவருக்கு நல்லது.

நண்பரின் கராஜில் அவர் தோட்டா நிரப்பியதை ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருந்தது. மற்றவை அலமாரிக்குள் பூட்டியிருந்தன. துளையிட்ட மரப்பலகையில் ஐம்பது பித்தளைக் கூடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் தராசில் நிறுத்து மருந்து கொட்டினார். கொட்டி முடித்ததும் குண்டைச் செருகவில்லை. கை விளக்கை எடுத்து, ஐம்பது கூட்டுக்குள்ளும் ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்து, மருந்தின் மட்டம் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றில் சந்தேகம் வந்தது. நேராக அதைத் தராசில் கவிழ்த்து மறுபடியும் நிறுத்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. அப்போதும் பலகையில் மீதி இருந்தவற்றை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்.

மறுநாள் திடலில் அவள் இருபது தோட்டா சுட்டாள். வெளியே விழுந்த கூடுகளை நான் பொறுக்கிக் கொடுத்தேன். கழுத்துப் பகுதியில் கரி படிந்திருந்தது. அழுத்தம் குறைவு என்பதால் பித்தளை குழலின் சுவரோடு முழுக்க ஒட்டாமல், வாயு கொஞ்சம் பின்னால் கசிந்த தடம் அது. தாளில் குண்டுகள் முழுத் தோட்டா படும் இடத்துக்கு ஒரு கை கீழே, ஓரளவு நெருக்கமாக விழுந்திருந்தன. அப்பா தொலைநோக்கியின் திருகை அந்த அளவுக்குத் திருப்பி, எத்தனை சொடுக்கு என்று எண்ணிப் பெட்டியின் மூடியில் சிவப்பு மையில் எழுதினார். அதற்குக் கீழே ‘150 மீட்டர்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். நடுவில் மூன்று முறை தோட்டா போடாமல் நீட்டியிருந்தார். முதல் தடவை குழல் முனை லேசாகக் குனிந்தது. மற்ற இரண்டிலும் ‘டிக்’ ஓசைக்குப் பிறகும் அவள் கண் தொலைநோக்கிக்குள்ளேயே திறந்திருந்தது.